அந்நியனுக்குக் கிடைத்த மரியாதை

1

வெளிநாடு போய்த் திரும்பிய நம்ம ஆட்கள் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. 'அங்க எவனும் நீ எந்தத் தெருன்னு கேக்கல.' துபாயில் கம்பி கட்டியவர் சொல்கிறார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் கிடந்தவர் சொல்கிறார். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுத்தது, சம்பளத்தில் பிடித்தம் போனது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் இதையும் சொல்வார்கள். சொல்லும்போது முகம் மாறும். பிறகு எழுந்து டீக்கடைக்குப் போவார்கள். அங்கே அவர்கள் மறுபடி காலனி ஆள்.

இதை நாம் ஏக்கமாகக் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. சொந்த ஊரில் மனிதனாக மதிக்கப்படாதவன், அந்நிய ஊரில் அந்நியன் என்பதாலேயே மதிக்கப்படுகிறான். இது என்ன மாதிரி மரியாதை? இதை நம்பலாமா? இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கேள்வியை உடம்பால் சந்தித்த ஒரு கூட்டத்தின் கதையை இங்கே எழுதுகிறேன். அவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். பேஸ்பால் ஆடியவர்கள். கிரிக்கெட்டைப் போல அதுவும் மட்டையும் பந்துமான ஆட்டம்தான். வீசப்படும் பந்தை அடித்துவிட்டு, வைர வடிவில் இருக்கும் நான்கு முனைகளையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். அந்தப் புறப்பட்ட இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹோம்', அதாவது வீடு. வீடு திரும்புவதுதான் வெற்றி. வீட்டிலேயே இடமில்லாதவர்கள் இந்த ஆட்டத்தை உலகம் பூராவும் போய் ஆடினார்கள்.

2

கதவு எப்போது சாத்தப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பணத்துக்காக ஆடுவது தொடங்கிய பிறகு, போட்டி பொறாமையில் வந்த வினை இது என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. சும்மா ஆசைக்கு ஆடிய காலத்திலேயே சாத்திவிட்டார்கள்.

அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865. இரண்டே ஆண்டில், 1867இல், பிலடெல்பியாவின் 'பித்தியன்' என்ற கறுப்பினக் குழு தங்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஆக்டேவியஸ் கேட்டோ. பள்ளி ஆசிரியர். டிராம் வண்டியில் கறுப்பர் ஏறும் உரிமைக்காகப் போராடியவர். மாநிலச் சங்கம் இடம் தரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெச்சூர் ஆட்டக்காரர்களின் தேசியச் சங்கம் கூடியபோது, கறுப்பர் ஒருவர் இருந்தாலும் அந்தக் குழுவைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. கூலி இல்லை, பரிசு இல்லை, லாபம் இல்லை. கூட நின்று ஆடினாலே தீட்டு! கேட்டோ 1871 அக்டோபரில், தேர்தல் நாளன்று, பிலடெல்பியா தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பர் ஓட்டுப் போடுவதைத் தடுக்க நடந்த கலவரம் அது. அவருக்கு வயது 32. சுட்டதாகப் பிடிபட்டவன் 1877இல் விடுதலையானான்.

பிறகும் ஓரிரண்டு பேர் உள்ளே நுழைந்தார்கள். மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1884இல் டொலீடோ அணிக்காக மேஜர் லீக்கில் ஆடினார். அவர் கேட்ச்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எந்தப் பந்து வீச வேண்டும் என்று வீச்சாளருக்கு விரலால் சைகை காட்டுகிறவர். அவருடைய சொந்த அணியின் வெள்ளை வீச்சாளன், வாக்கரைப் போன்ற நல்ல கேட்ச்சரைப் பார்த்ததில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டான். அதே வாயால், ஒரு கறுப்பன் காட்டும் சைகைக்கு நான் பணிவதா என்று அதைப் பார்க்காமலேயே வீசினேன் என்றும் சொன்னான். எந்தப் பந்து வரும் என்று தெரியாமல், கைக்கு உருப்படியான உறைகூட இல்லாத காலத்தில், வாக்கர் அத்தனையையும் பிடித்தார். இதற்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. உழைப்பை வாங்கிக்கொள்வான், சொல்லைக் கேட்கமாட்டான்.

1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக் நிர்வாகிகள், இனிக் கறுப்பருக்கு ஒப்பந்தம் தருவதில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். மேஜர் லீக்கிலோ எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊர்க் கட்டுப்பாட்டை எவன் எழுதி வைக்கிறான்? அந்தக் கட்டுப்பாடு 1947 வரை நின்றது.

3

உள்ளே விடமாட்டேன் என்றதும் என்ன செய்தார்கள்? சிலர் அந்நிய வேஷம் கட்டினார்கள்.

1885இல் நியூயார்க் பக்கம் பாபிலோன் என்ற கடற்கரை ஊரில், ஓர் ஓட்டலில் பரிசாரகர்களாக இருந்தவர்களைச் சேர்த்து உருவானதாகச் சொல்லப்படுகிற அணி 'க்யூபன் ஜயன்ட்ஸ்'. சம்பளம் வாங்கி ஆடிய முதல் கறுப்பின அணி. அதில் க்யூபாக்காரர் ஒருவரும் இல்லை. எல்லோரும் அமெரிக்கர்கள். பிறகு ஏன் அந்தப் பெயர்? அந்த அணியில் ஆடியவரும் கறுப்பின பேஸ்பாலின் முதல் வரலாற்றை 1907இல் எழுதியவருமான சால் வைட் பிற்காலத்தில் ஒரு கதை சொன்னார். மைதானத்தில் அவர்கள் தங்களுக்குள் வாய்க்கு வந்த ஓசைகளைப் பேசிக்கொள்வார்களாம். கேட்கிற வெள்ளையர் அதை ஸ்பானிய மொழி என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேலி என்பது இருக்கட்டும். பெயர் நிஜம். தன் நாட்டில் ஆட, தன் நாட்டான் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

1901இல் பால்டிமோர் அணியின் மேலாளர் ஜான் மெக்ரா, சார்லி கிராண்ட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை 'தலைவர் டொகோஹாமா' என்று பெயர் மாற்றி, இவர் செரோக்கி பழங்குடி என்று சொல்லிச் சேர்க்கப் பார்த்தார். சிகாகோ அணி முதலாளி விஷயத்தைப் போட்டு உடைத்தார். கிராண்ட் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நிலத்தைப் பறித்துக்கொண்டு விரட்டிய பழங்குடியின் பெயர் செல்லும், அடிமையாக வைத்திருந்தவனின் பிள்ளை செல்லமாட்டான் என்றால் இந்த இழிவின் தராசு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். நகரத்துக்குப் போய்ப் பெயரை மாற்றி, தெருவை மாற்றிச் சொல்லி வீடு தேடியவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். வேஷம் கட்டியவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை கிடையாது.

வாக்கர் வேஷம் கட்டவில்லை. அவர் 1908இல் ஒரு சிறு நூல் எழுதினார். இந்த நாட்டில் நமக்கு நீதி கிடைக்காது, ஆப்பிரிக்காவுக்கே திரும்பிவிடுவோம் என்பது அதன் சாரம். பந்தாட்டத்திலிருந்து துரத்தப்பட்டவன் நாட்டையே விட்டுப் போகலாம் என்று எழுதினான். அடுத்து வந்தவர்கள் உண்மையிலேயே கப்பல் ஏறினார்கள், மட்டையும் கையுமாக.

4

ஒரு கப்பல் ஜப்பானுக்கு. 1927 வசந்த காலம். 'பிலடெல்பியா ராயல் ஜயன்ட்ஸ்' என்று பெயர். ஊர் பிலடெல்பியா இல்லை, லாஸ் ஏஞ்சல்சில் குளிர்காலத்தில் ஆடியவர்களை லான் குட்வின் என்பவர் சேர்த்துக் கொண்டுபோனார். பிஸ் மேக்கி, ராப் டிக்ஸன், ஃப்ராங்க் டங்கன், ஆண்டி கூப்பர் இவர்கள் எல்லாம் உள்நாட்டில் 'நீக்ரோ லீக்' என்று தனியாக ஒதுக்கப்பட்ட போட்டிகளில் ஆடியவர்கள். (அந்தச் சொல் இன்று இழிசொல். அந்த லீக்குகளின் பெயராக மட்டும் இங்கே வருகிறது.)

ஜப்பானில் அப்போது நிலையான தொழில்முறை லீக் கிடையாது, அது 1936இல்தான் வந்தது. எதிரே நின்று ஆடியவர்கள் கல்லூரி மாணவர்கள், பழைய மாணவர் குழுக்கள், கம்பெனி ஊழியர்கள். எல்லாம் அமெச்சூர். அவர்களுக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. யோகஹாமாவில் குடியிருந்த வெள்ளையரின் கிளப் மைதானத்தில் ஜப்பானியருக்கு இடமில்லாமல் இருந்தது. டோக்கியோவின் முதல் உயர்பள்ளி மாணவர்கள் விடாமல் கேட்டு, 1896இல் அங்கே போய் ஆடி, 29க்கு 4 என்று ஜெயித்துக் காட்டினார்கள். வெள்ளையன் மைதானத்தின் வாசலில் நின்ற அனுபவம் இரண்டு பக்கமும் இருந்தது.

ராயல் ஜயன்ட்ஸ் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களையும் வென்றார்கள். ஆனால் ஜப்பானியர் மனதில் நின்றது அவர்களுடைய பண்பு. எதிரியை அவமானப்படுத்தவில்லை, நடுவரோடு சண்டை போடவில்லை, சின்ன வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு வணங்கிவிட்டுப் போனார்கள். பின்னால் 1931இலும் 1934இலும் வந்த வெள்ளை நட்சத்திர அணிகள் பெரிய வித்தியாசத்தில் அடித்து நொறுக்கின. 1934இல் பேப் ரூத், மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று ஆடினார். கசுவோ சயாமா என்ற ஜப்பானிய எழுத்தாளர் 1986இல் இந்தக் கறுப்பின அணியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'மென்மையான கறுப்பு ஜயன்ட்ஸ்' என்று அதன் பெயரைச் சொல்லலாம். ஜப்பானியரின் நம்பிக்கை உடையாமல் காத்தவர்கள் இவர்கள், ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் பிறக்க இவர்களும் காரணம் என்பது அவர் வாதம்.

நல்ல வாதம். ஆனால் அந்த 'மென்மை' என்ற சொல்லில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. வெள்ளை நடுவரோடு வாய் கொடுத்தால் உயிர் போகும் என்ற ஊரில் வளர்ந்தவனுக்கு மென்மை எங்கிருந்து வந்தது? கோபத்தை விழுங்கக் கற்றுக்கொண்டதை நாம் 'நல்ல பண்பு' என்று பாராட்டுகிறோமா? 'நல்ல பையன், அவங்க ஆளு மாதிரியே இல்ல' என்று நம்மைப் பாராட்டும்போது நமக்குள் ஏதோ ஒன்று கசங்குகிறதே, அதுதானே இது? இன்னொரு பக்கமும் இருக்கிறது. தன்னை வணங்குகிறவனைத் தானும் வணங்குவது அடங்கிப் போவது ஆகாது. அது சமத்துவம். ஊரில் தலை குனிந்தவர்கள் அங்கே தலை வணங்கினார்கள். இரண்டும் வெளியில் ஒன்று போலத் தெரியும், உள்ளே ஒன்றல்ல.

இதோடு நிறுத்தினால் ஜப்பான் சொர்க்கமாகிவிடும். அதே ஜப்பானில் புராக்குமின் மக்கள் இருந்தார்கள். தோல் வேலை, அறுப்பு வேலை செய்தவர்களின் வம்சம் என்று தனிக் குடியிருப்பில் ஒதுக்கப்பட்டவர்கள். சட்டம் 1871லேயே அவர்களை விடுவித்தது, ஊர் விடுவிக்கவில்லை. அவர்கள் 1922 மார்ச்சில் கியோத்தோவில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1923 நிலநடுக்கத்தின்போது, கிணற்றில் விஷம் வைத்தார்கள் என்ற வதந்தியைக் கிளப்பி, ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். அதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் கறுப்பின வீரர்களுக்கு வரவேற்பு. வந்தவனுக்கு மாலை, கூடவே வாழ்கிறவனுக்கு ஒதுக்குப்புறம்.

5

பத்து ஆண்டு கழித்து, 1937. கரீபியக் கடலில் டொமினிகன் குடியரசு. 1930இலிருந்து சர்வாதிகாரி ட்ருஹீயோ ஆட்சி. 1916 முதல் 1924 வரை அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்த அமெரிக்கப் படையிடம் பயிற்சி பெற்று மேலே வந்தவர். தலைநகரின் பெயரையே 1936இல் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். தன் பெயரில் இருக்கிற நகரம் பந்தாட்டத்தில் தோற்கலாமா? அமெரிக்காவின் கறுப்பின அணிகளிலிருந்து சேட்சல் பேஜ், ஜோஷ் கிப்சன், 'கூல் பாப்பா' பெல் என்று பெரிய ஆட்டக்காரர்களைப் பணம் கொட்டி இழுத்தார்கள். பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ் அணியே இதனால் குலைந்தது. நீக்ரோ லீக், ஓடிப்போனவர்கள் என்று இவர்களுக்குத் தடை போட்டது.

ஓடிப்போகாமல் என்ன செய்வார்கள்? ஊரில் அவர்கள் பஸ்ஸிலேயே தூங்கினார்கள். ஆட்டம் பார்த்துக் கைதட்டிய ஊரிலேயே ஓட்டலில் அறை கிடையாது. சாப்பாடு பின்வாசலில் பொட்டலம். இங்கே விமானம், சம்பளம், கூட்டம், பெயர். ட்ருஹீயோவின் அணிதான் ஜெயித்தது. ஆட்டத்தின்போது துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றதையும், தோற்றால் என்ன ஆகுமோ என்று பயந்ததையும் பேஜ் பின்னாளில் கதை கதையாகச் சொன்னார். அவர் கதைக்குக் கை கால் வைப்பவர், அது வேறு. ஜெயித்ததும் கிடைத்த முதல் வழியில் ஊர் திரும்பினார்கள். அந்தப் போட்டிக்கு ஆன செலவில், அதன் பிறகு 1951 வரை அந்நாட்டில் தொழில்முறைப் போட்டியே நடக்கவில்லை.

பேஸ்பால் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையை இங்கே, சிரிப்போடு முடித்துவிடுகிறார்கள். நாம் இன்னும் சில வாரம் தள்ளிப் பார்க்க வேண்டும்.

கோடையில் ஆட்டம் முடிந்தது. அதே 1937 அக்டோபரில், அதே ட்ருஹீயோ உத்தரவில், ஹெய்ட்டி எல்லையை ஒட்டி வாழ்ந்த கறுப்பின ஹெய்ட்டி மக்களை அவருடைய சிப்பாய்கள் வெட்டிக் கொன்றார்கள். துப்பாக்கியைவிட அரிவாளும் வெட்டுக்கத்தியும்தான் அதிகம் பயன்பட்டன, ஊர்மக்கள் செய்த மாதிரி தெரிய வேண்டுமே! செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஒருமித்த கணக்கு இல்லை. சில ஆயிரம் என்பதிலிருந்து 20,000க்கு மேல் என்பது வரை சொல்கிறார்கள். அவர்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், நிலம் உழுதவர்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் கரும்புத் தோட்டங்களில் வேலை பார்த்த ஹெய்ட்டிக் கூலிகளைப் பெரும்பாலும் தொடவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. நஷ்டஈடாக 7,50,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு அதையும் பேரம் பேசி 5,25,000 ஆக்கினார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். பேஜும் கறுப்பு, கிப்சனும் கறுப்பு. விமானத்தில் வந்திறங்கிய கறுப்பு அந்நியனுக்கு ராஜ உபசாரம். தலைமுறையாக அங்கேயே உழுதுகொண்டிருந்த கறுப்பு உழவன் 'அந்நியன்' என்று வெட்டப்பட்டான். அந்நியன் என்ற ஒரே சொல் ஒருத்தனுக்கு மாலை, இன்னொருத்தனுக்கு அரிவாள். யார் அந்நியன் என்று தீர்மானிக்கிறவன் கையில்தான் விஷயம் இருக்கிறது. இது பழங்கதையும் இல்லை. 2013இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், 1929இலிருந்து அங்கே பிறந்த, முறையான ஆவணம் இல்லாத வெளிநாட்டாரின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அடிபட்டவர்களில் ஆகப் பெரும்பாலோர் ஹெய்ட்டி வம்சாவளியினர்.

6

மெக்சிகோ கதை இதைவிட நேர்மையானது. 1940இலிருந்து ஹோர்ஹே பாஸ்கெல் என்ற பணக்காரர் மெக்சிகோ லீக்கில் பணம் இறக்கினார். கிப்சன், வில்லி வெல்ஸ், ரே டான்ட்ரிட்ஜ், மான்ட்டி இர்வின் என்று வரிசையாகப் போனார்கள். அங்கே தனி லீக் கிடையாது. ஒரே அணியில் மெக்சிகோக்காரர், க்யூபாக்காரர், கறுப்பர் எல்லோரும் ஆடினார்கள். ஓட்டலில் அறை கிடைத்தது. முன்வாசல் வழியே சாப்பிடப் போனார்கள்.

வில்லி வெல்ஸ் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் ஊர்க்காரர். மெக்சிகோ எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலம். 1944இல் அவர் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் வெண்டல் ஸ்மித்திடம், ஏன் மெக்சிகோவில் இருக்கிறேன் என்று விளக்கினார். சம்பளம் கூட என்பதோடு நிறுத்தவில்லை. அமெரிக்காவில் கிடைக்காத சுதந்திரமும் ஜனநாயகமும் இங்கே கிடைத்தன, அங்கே நான் வெறும் கறுப்பன், இங்கே நான் மனிதன் என்ற பொருளில் பேசினார். அது எந்த ஆண்டு? ஹிட்லரின் இனவெறியை எதிர்த்து அமெரிக்கா போர் நடத்திக்கொண்டிருந்த ஆண்டு. ஜனநாயகத்துக்காகச் சண்டை போடுகிற நாட்டின் குடிமகன், ஜனநாயகத்தைத் தேடி எல்லை தாண்டினான்.

போர்க்காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. குவின்சி ட்ரூப் என்ற ஆட்டக்காரர் போர்த் தொழிற்சாலை வேலையிலிருந்து மெக்சிகோ போக அனுமதி கிடைக்காமல் தவித்தார். அனுமதி எப்படி வந்தது என்று தன் நினைவு நூலில் சொல்கிறார். மெக்சிகோ 80,000 கூலித் தொழிலாளிகளை அமெரிக்காவுக்குக் கடனாகத் தந்திருக்கிறதே, பதிலுக்கு இரண்டு ஆட்டக்காரர்களைக் கேட்கக் கூடாதா என்று பேசி வாங்கினார்களாம். அந்தத் தொழிலாளிகள் 1942இல் தொடங்கிய 'பிராசெரோ' திட்டத்தில் போனவர்கள். டெக்சாஸில் மெக்சிகோக்காரர்களை நடத்திய லட்சணத்தைப் பார்த்து, அந்த மாநிலத்துக்கு மட்டும் ஆள் அனுப்பமாட்டோம் என்று மெக்சிகோ அரசு முதலில் மறுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த கறுப்பன் மனிதனானான். அந்தப் பக்கம் போன மெக்சிகோக்காரன் மனிதனாக இல்லாமல் போனான். நடுவில் ஓடுவது ஒரு ஆறு. மெக்சிகோவையும் புனிதமாக்க வேண்டாம். அதன் சோனோரா மாநிலம் 1930களின் தொடக்கத்தில் சீனர்களை விரட்டியடித்தது.

எல்லோரும் திரும்பவில்லை. 'வைல்ட் பில்' ரைட் மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டஸ் நகரிலேயே தங்கி, அங்கேயே உணவகம் நடத்தி, 1996இல் இறந்தார். வெல்ஸ் திரும்பினார்.

7

ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் மேஜர் லீக் கதவைத் திறந்தார் என்பது எல்லோரும் படித்த பாடம். அதற்கு முந்திய ஆண்டு அவரும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்தான் என்பது பாடத்தில் அடிக்கோடு போடாத வரி. 1946இல் அவர் ஆடியது கனடாவின் மான்ட்ரியால் அணிக்கு. அதே இன்டர்நேஷனல் லீக்.

பயிற்சிக்குப் ஃப்ளோரிடா போனபோது, ஓர் ஊரைவிட்டு ராத்திரியோடு கிளம்ப வேண்டியிருந்தது. இன்னொரு ஊரில் மைதானத்தைப் பூட்டி வைத்தார்கள். மான்ட்ரியாலில் அவர் மனைவி ரேச்சல் வீடு தேடிப் போனபோது வீட்டுக்காரம்மா உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் கர்ப்பிணிக்கு ரேஷன் கூப்பன் கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டம் வென்ற அன்று ரசிகர் கூட்டம் அவரைத் துரத்திக்கொண்டு ஓடியது. வெள்ளைக் கூட்டம் ஒரு கறுப்பனைக் கொல்வதற்காக அல்லாமல் அன்பினால் துரத்தியதைப் பார்த்தோம் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார்.

அதே மான்ட்ரியாலில்தான், 1936இல், ஃப்ரெட் கிறிஸ்டி என்ற உள்ளூர்க் கறுப்பருக்கு ஒரு மதுக்கடையில் பீர் தர மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். கனடா உச்ச நீதிமன்றம் 1939இல், யாருக்கு விற்பது என்பது வியாபாரியின் சுதந்திரம் என்று தீர்ப்புச் சொன்னது. நட்சத்திரத்துக்குத் தேநீர், குடிமகனுக்கு ஒரு கிளாஸ் பீர் கிடையாது. இதுவும் இரட்டைக் குவளைதான்.

1947 பயிற்சிக்கு அணியை ஹவானாவுக்குக் கொண்டுபோனார்கள், ஃப்ளோரிடாவின் தொல்லை வேண்டாம் என்று. வெள்ளை டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்கள் பெரிய ஓட்டலில் தங்கினார்கள். ராபின்சனும் மற்ற மூன்று கறுப்பின வீரர்களும் ஒரு சாதாரண ஓட்டலில். க்யூபாக்காரர்கள் பிரித்து வைத்தார்களா? இல்லை. வம்பு வரக் கூடாது என்று அணியின் நிர்வாகமே செய்த ஏற்பாடு. ராபின்சனுக்குக் கடும் கோபம். கடல் தாண்டினாலும் சாதியைப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அங்கே சாதியைக் கொண்டுபோய் இறக்கியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

8

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

விருந்தாளிக்குக் கிடைக்கிற மரியாதை உரிமை ஆகாது. ஆட்டம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். அது கொடுப்பவன் கையில் இருக்கிறது. அவன் யாருக்கு மறுக்கிறான் என்று பார்த்தால்தான் அதன் நிஜ மதிப்புத் தெரியும். புராக்குமினையும், எல்லையில் விழுந்த ஹெய்ட்டி உழவனையும், பீர் கிடைக்காத கிறிஸ்டியையும் பார்க்காமல் 'அங்கே போனோம், மனிதனாக நடத்தினார்கள்' என்று மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு. வெளியூரில் நமக்குச் சோறு போடுகிற வீட்டின் பின்கட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கற்க வேண்டும்.

ஆனால் அந்த மரியாதையை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. அது ஒரு சாட்சி. ஊரில் 'இது பிறப்பிலேயே வந்தது, உடம்பிலேயே இருக்கிறது, மாறாது' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு கடலோ, ஒரு ஆற்றுப்பாலமோ தாண்டியதும் அது இல்லாமல் போகிறது என்றால், அது உடம்பில் இருக்கவில்லை. ஊரில்தான் இருந்தது. வெல்ஸ் சொன்னது இதைத்தான்.

நம் பக்கத்திலும் இதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பல்வங்கர் பாலு, தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர். புனேயில் கூட ஆடியவர்கள் அவருக்குத் தேநீரைத் தனி மண்குவளையில், வெளியே வைத்துக் கொடுத்தார்கள். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தும், இந்து அணிக்கு அவரைத் தலைவராக்க மனம் வரவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போனார், பிறகு லண்டன். அந்த ஐந்தாண்டுக் காலம், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே மனதிலிருந்து துடைத்துவிட்டது என்று எழுதுகிறார். 1917இல் பரோடா வந்து இறங்கியதும் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கி, தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். டொகோஹாமா ஆக்கப்பட்ட சார்லி கிராண்டும் பெயர் மாற்றித் தங்கிய அம்பேத்கரும் ஒரே தெருவில் நிற்கிறார்கள். அந்த அனுபவங்களை எழுதிய கையெழுத்துப் படிக்கு நிலைத்த பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. வெளிநாடு போக விசா கேட்கவில்லை அவர். சொந்த நாட்டுக்குள் நுழைய விசாவுக்குக் காத்திருந்ததைச் சொல்கிறார்.

வெல்ஸ் 1989இல் இறந்தார். பேஸ்பால் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தது 1997இல். கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார், ராபின்சன் களமிறங்க மூன்று மாதம் இருந்தது. 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்கே என்று அறிவித்தது. 2024 மே மாதம் கணக்குகளைச் சேர்த்தபோது, 0.372 சராசரியோடு எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார் கிப்சன். மகிழ்ச்சிதான். ஆனால் அவர் மெக்சிகோவில் அடித்ததும், ட்ருஹீயோ நகரில் அடித்ததும் அந்தக் கணக்கில் இல்லை. மேக்கி டோக்கியோவின் மெய்ஜி மைதானத்தில் அடித்ததும் இல்லை. அவர்கள் மனிதர்களாக ஆடிய ஆட்டங்கள் ஏட்டுக்கு வெளியே கிடக்கின்றன.

துபாயிலிருந்து வந்தவர் 'அங்க எவனும் கேக்கல' என்று அடுத்த தடவை சொல்லும்போது, அதைப் பெருமூச்சாகக் கேட்டுவிட்டு விட வேண்டாம். அது வாக்குமூலம். இந்த ஊர் செய்வது இயற்கை இல்லை என்பதற்கு, போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் சொல்கிற சாட்சி. எழுதி வைத்துக்கொள்வோம். பிறகு அவரோடு சேர்ந்து டீக்கடைக்குப் போவோம்.